சவரிமுத்துவுக்கு நான் தேர்ந்தெடுத்த விளையாட்டுகள்

முதலில் எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசைப்படி சொல்லிவிடுகிறேன், தம்பி. அதற்குப் பிறகுதான் உங்கள் மடியில் இருக்கிற அந்தப் பெட்டிக்கு வருவேன். அது கையில் வைத்து விளையாடுகிற கேம் பெட்டிதானே? மேலே இருக்கும் படத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பஸ் பொள்ளாச்சி போய்ச் சேரும் வரைக்கும் நேரம் இருக்கிறது. குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

முதலாவது, மில்லில் நடந்த முதல் வேலைநிறுத்தத்துக்குத் துண்டறிக்கை எழுதியவன் நான். 'பஞ்சு எங்கள் நெஞ்சுக்குள், லாபம் உங்கள் பெட்டிக்குள்' என்ற வரி என்னுடையது. அச்சில் வந்தபோது கீழே செயலாளர் பெயர் இருந்தது.

இரண்டாவது, சிறையிலிருந்து வெளியே வந்த அன்று, பூமாலை பற்றவில்லை என்று என் கழுத்தில் போட்டதைக் கழற்றி அடுத்தவன் கழுத்தில் போட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டே நின்றேன்.

மூன்றாவது, சங்கம் இரண்டாக உடைந்தபோது இந்தப் பக்கம் என்னை அந்தப் பக்கத்து ஆள் என்றது. அந்தப் பக்கம் இந்தப் பக்கத்து ஆள் என்றது.

நான்காவது, கருப்பாத்தாள் பெயரைப் படிக்கும் வேலையை ஒரு வருஷம்கூட எனக்குத் தரவில்லை. அதை என்னோடு மில்லில் இருந்த சவரிமுத்துவுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஐந்தாவது, அதே சவரிமுத்துவின் மகள் பிலோமி, போன மாதம் என்னிடம், "இனிமே வராதீங்க மாமா" என்றாள். கதவைச் சாத்திவிட்டுச் சொல்லியிருந்தால் கோபம் என்று எடுத்துக்கொள்வேன். கதவை அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னாள்.

வரிசை அவ்வளவுதான். நான் பள்ளிக்கூடம் போனவன் அல்ல. துண்டறிக்கை படித்துத்தான் எழுத்துக் கற்றேன். குற்றச்சாட்டுக்கு எண் போடாமல் எனக்குப் பேச வராது. ஆறாவது ஒன்று இருக்கிறதா என்று நீங்கள் கேட்கக்கூடும். அது எனக்கு இழைக்கப்பட்டது இல்லை. அதனால் இந்த வரிசையில் வராது.

கருப்பாத்தாள் யார் என்று சொல்ல வேண்டும். நூல் சுற்றும் ரீலிங் பிரிவில் வேலை செய்தவள். வேடப்பட்டிக்காரி. மறியலின்போது மில் வாசலில் உட்கார்ந்திருந்தாள். சரக்கு லாரியை நிறுத்தாமல் ஓட்டச் சொன்னார்கள். மில்லின் பெயரை நான் சொல்லப்போவதில்லை, அவர்களுக்கு என் வாயால் விளம்பரம் வேண்டாம். லாரிக்கு அடியிலிருந்து அவளை இழுத்தவன் சவரிமுத்து. அவன் மடியில்தான் உயிர் போனது. நான் அப்போது அச்சகத்தில் இருந்தேன். மறுநாள் அறிக்கைக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது அதைப் பார்க்கத்தானே வேண்டும்?

அன்று முதல் வருஷா வருஷம் அந்த நாளில் வாசலில் கூடுவோம். சிவப்புத் துணியில் அவள் பெயரை எழுதிக் கட்டுவோம். ஒருவர் அதை உரக்கப் படிப்பார். கூட்டம் 'இருக்கிறார்' என்று பதில் சொல்லும். பெயரைப் படித்து முடிக்கும்வரை வேறு பேச்சு எதுவும் கிடையாது. மில்லை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அதன் வாசலில்தான் இப்போதும் நிற்கிறோம். அங்கிருக்கும் காவலாளி நல்லவர், நாற்காலி எடுத்துப் போடுவார். படிப்பது எப்போதும் சவரிமுத்துதான். கணீரென்ற குரல் ஒன்றும் கிடையாது. தகரத்தில் மழை பெய்வதுபோல இருக்கும். ஆனாலும் அவன்தான் படிப்பான்.

கார்த்திகை மாதம் அவன் குளியலறையில் விழுந்தான். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது புரியும். பதில் சொல்ல ஒரே ஒரு சொல்தான் மிச்சம். 'சரி.' காபி வேண்டுமா என்றால் சரி. வேண்டாமா என்றாலும் சரி. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த அம்மா பிலோமியிடம் தெளிவாகச் சொன்னார். முதல் சில மாதங்களில் வருகிற சொற்கள்தான் வரும். அதைத் தவறவிட்டால் பிறகு ஒவ்வொன்றும் மலையைப் புரட்டுகிற வேலை. படம் பார்த்து, யோசித்து, இடது கையால் தொட்டு விளையாடுகிற புதிர் விளையாட்டுகள் கொடுங்கள் என்றார். பிலோமியின் வீட்டுக்காரர் ஷார்ஜாவிலிருந்து வந்தபோது உங்களிடம் இருப்பதுபோல ஒரு பெட்டி கொண்டுவந்தார்.

பெட்டி வந்துவிட்டது. உள்ளே என்ன விளையாட்டுப் போடுவது? பிலோமி எனக்குத்தான் போன் செய்தாள்.

"மாமா, அப்பா மனசு உங்களுக்குத்தான் தெரியும். கடைக்கு வர்றீங்களா?"

எத்தனையோ வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து யாரும் என்னிடம் யோசனை கேட்டதில்லை, தம்பி. நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

கிராஸ்கட் ரோட்டில் மாடியில் ஒரு கடை. உசேன் பாய் என்று ஒருவர் நடத்துகிறார். சுவர் முழுக்க அட்டைகள். நான் போனதும் சொல்லிவிட்டேன், "பிலோமி, இதை முறையாச் செய்யணும். ஒவ்வொண்ணா நான் முன்மொழியறேன், நீ வழிமொழி."

"கடைக்குள்ள வெச்சுங்களா மாமா?"

"எங்க வெச்சாலும் அதான் முறை."

பாய் முதலில் எடுத்தது நகரம் கட்டும் விளையாட்டு. கோட்டை, குளம், வயல் எல்லாம் அழகாகத்தான் இருந்தன.

"இதுல நாம யாரு?"

"நீங்க ராஜாங்க ஐயா."

"மக்கள் என்ன பண்ணுவாங்க?"

"வெள்ளாமை பண்ணுவாங்க, வரி கட்டுவாங்க."

"கோபப்பட்டாங்கன்னா?"

"தலைக்கு மேல செவப்பா ஒரு மூஞ்சி வரும். ஒரு கோயிலு கட்டிவிட்டா சரியாப் போயிரும்."

"அப்படியும் அடங்கலேன்னா?"

"அப்பறம் கலகந்தான். நீங்க தோத்துருவீங்க."

எடுத்து வைக்கச் சொன்னேன். அடுத்தது இடம் வாங்கி வாடகை வசூலிக்கிற விளையாட்டு. அதன் அட்டையைக்கூட நான் தொடவில்லை. சதுரங்கம் காட்டினார். முன் வரிசையில் சிப்பாய்கள் சாகிறார்கள், பின்னால் ராஜா மூலையில் ஒளிந்துகொள்கிறார். வேண்டாம். மேலிருந்து கட்டைகள் விழுந்துகொண்டே இருக்கும், அடுக்க அடுக்க வேகம் கூடும் என்று ஒன்று. "பாய், வேகத்தைக் கூட்டுனதுக்குத்தான் நாங்க ஸ்டிரைக்கே பண்ணினோம்" என்றேன். அவர் அதையும் எடுத்து வைத்துவிட்டு, "ஐயா, இப்பிடிப் பாத்தா எனக்குக் கடையே மிஞ்சாது" என்றார்.

அப்போது பிலோமி ஒன்றைக் கையில் எடுத்தாள். பெரிய பெரிய படங்கள். பூட்டு, குடை, வாழைப்பழம், மணி. கவிழ்த்து வைத்திருக்கும். தொட்டுத் திறந்து ஜோடி சேர்க்க வேண்டும். ஜோடி சேர்ந்தால் படம் பெரிதாகி ஆடும். அவ்வளவுதான்.

"அந்தம்மா இந்த மாதிரிதான் சொன்னாங்க மாமா."

எனக்குச் சுருக்கென்றது. "உங்கப்பன் யாருன்னு உனக்குத் தெரியுமா? ஊரையே நிறுத்தினவன். அவனுக்கு வாழைப்பழம் காட்டறதா? கொழந்தை வெளையாட்டு. நான் எதிர்க்கறேன்."

அவள் அட்டையைத் திரும்ப வைத்தாள். நானே தேர்ந்தெடுத்தேன். ஒன்று, கோட்டைக்குள் விவசாயிகள் இருப்பார்கள். வெளியே படை சூழ்ந்திருக்கும். உணவைப் பங்கிட்டு, காவல் மாற்றி, மதிலைப் பழுதுபார்த்துத் தாக்குப்பிடிக்க வேண்டும். இன்னொன்று, ஏரித் தண்ணீரை எல்லா வயலுக்கும் சமமாகப் பிரித்துவிடும் புதிர். வாய்க்காலைத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். இரண்டும் நம் ஆட்களின் விளையாட்டு. பாய் மட்டும் தயங்கினார்.

"ஐயா, ரெண்டுலயும் டைம் ஓடும். அவரு ஒடம்புக்கு..."

"ஒடம்புக்குத்தானே பாய் வந்திருக்கு. மூளைக்கு இல்லையே."

"வழிமொழியறேங்க மாமா" என்றாள் பிலோமி. என்னைப் பார்க்காமல் சொன்னாள். ஆனால் சொன்னாள். அதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் ஒண்டிப்புதூரில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போய்விடுவேன். பெட்டியைத் தலையணைமேல் சாய்த்து வைப்பேன். "சவரி, கோட்டையா, வாய்க்காலா?" என்பேன். "சரி" என்பான். "கோட்டையே வெச்சுக்கலாமா?" "சரி."

பிலோமி ஒரு நாள் சொன்னாள், "அப்பாவுக்கு அந்த ஒரு வார்த்தைதான் வருது மாமா. அதை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க." எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால், தம்பி, எங்கள் காலம் முழுக்கச் செயற்குழுவில் நான் எதைச் சொன்னாலும் எழுந்து நின்று மறுத்தவன் அவன். அவன் வாயால் எனக்கு 'சரி' வந்து நான் கேட்டதே இல்லை. கேட்க நன்றாக இருந்தது.

விளையாட்டு கடினம்தான். அவன் இடது கை ஆட்காட்டி விரலைத் தூக்கி, நடுக்கத்தை அடக்கி, திரைக்குக் கொண்டுவருவதற்குள் எதிரி மதிலில் ஏறிவிடுவான். கண்ணெதிரே கோட்டை விழுவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? நான் அழுத்திவிடுவேன். முதலில் ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு அவன் பார்த்துக்கொண்டிருப்பான், நான் அழுத்துவேன். எனக்கு நன்றாகவே பிடிபட்டுவிட்டது. பங்குனி வருவதற்குள் யாரும் பிடிக்க முடியாத கோட்டை எங்களுடையது.

"ஏனுங்க மாமா, வெளையாடறது அப்பாவா, நீங்களா?"

"கூட்டுத் தலைமை" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அவனும் தூங்கத் தொடங்கிவிட்டான். நான் வந்து உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வான். நோயாளி, அசதி என்று நினைத்தேன். பயிற்சி கொடுக்கும் அம்மா புதுச் சொல் எதுவும் வரவில்லை என்று கவலைப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். சங்கத்தில் அதற்கு முன்னேற்பாடாக ஒரு தீர்மானம் போட்டார்கள். இந்த வருஷம் சவரிமுத்துவால் முடியாவிட்டால் கருப்பாத்தாள் பெயரை மாரண்ணன் படிப்பது. மாரண்ணன் நான்தான். தீர்மானத்தைக் கேட்டபோது எனக்கு மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. கடமை. ஆனால் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். அதில் என்ன தப்பு? பயிற்சி வேண்டாமா?

ஒரு நாள் ரேஷன் கடைக்கு அந்தப் பக்கம் போனவன், காலையிலேயே அவன் வீட்டுக்குப் போய்விட்டேன். செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து ஒரு குரல்.

"பூ... பூட்... டு."

தகரத்தில் மழை. ஒற்றைச் செருப்போடு வாசலிலேயே நின்றுவிட்டேன். "மணி" என்றான். "கொ... கொடை" என்றான். பிலோமி கை தட்டினாள். நான் கதவைத் தள்ளினேன்.

என்னைப் பார்த்ததும் சவரிமுத்து என்ன செய்தான் தெரியுமா? மடியிலிருந்த பெட்டியைத் துண்டால் மூடினான். மேஸ்திரி வருகிறபோது பீடியை உள்ளங்கையில் மறைப்போமே, அப்படி. வேலை செய்யாத வலது கையைக்கூட இழுத்து மேலே போட்டு மூடினான்.

மில்லில் இருந்த காலத்தில் எந்த மேஸ்திரிக்கும் அவன் மறைத்ததில்லை. முகத்துக்கு நேராக ஊதுவான். அப்படிப்பட்டவன் என்னைப் பார்த்து மறைத்தான்.

"நாந்தான் வாங்கிட்டு வந்தேன் மாமா" என்றாள் பிலோமி. "காலையில இது. நீங்க வர்றதுக்கு முன்னால எடுத்து வெச்சுருவேன்."

"தீர்மானத்துக்கு விரோதமா..." என்று ஆரம்பித்தேன். வாயில் அதுதான் வந்தது.

"மாமா, பொங்கலுக்கு முந்தியே இதைக் குடுத்திருந்தா இப்ப பாதிப் பேச்சு வந்திருக்கும்னு அந்தம்மா சொல்றாங்க. உங்க மொகத்துக்காக வழிமொழிஞ்சேன் பாருங்க, என்னையத்தான் செருப்பால அடிச்சுக்கணும்."

அவள் தன்னைத்தான் சொன்னாள். என்னைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். பதிலுக்கு நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

நேராகக் கிராஸ்கட் ரோடு போனேன். பாய் என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு, "சொல்லுங்கையா, ராஜா இல்லாத கேம்தானே?" என்றார்.

"ராஜா இருந்தா இருந்துட்டுப் போறான் பாய். படம் பெருசா இருக்கணும். டைம் ஓடக்கூடாது. தப்பாத் தொட்டாத் திட்டக்கூடாது. பக்கத்துல ஒக்காந்திருக்கறவன் கையை விட முடியாத மாதிரி இருக்கணும்."

"கடைசியா சொன்னது எந்தப் பொட்டியிலயும் வராதுங்க ஐயா."

பொறுமையாக எல்லாவற்றையும் போட்டுக் காட்டினார். உடைந்த படத்தைத் துண்டு துண்டாகச் சேர்ப்பது ஒன்று. பூனையை வீட்டுக்குக் கூட்டிப் போக வழியிலிருக்கும் பெட்டிகளை நகர்த்துவது ஒன்று. எவ்வளவு நேரமானாலும் பூனை உட்கார்ந்து நக்கிக்கொண்டிருக்கும், அவசரப்படுத்தாது. அரசியல் எதுவும் இல்லை. எடுத்துக்கொண்டேன். யாரையும் வழிமொழியச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் அவன் பக்கத்தில் எப்படி உட்கார்ந்தேன் என்றால், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு. அவன் விரல் வரும், நடுங்கும், தப்பான பெட்டியைத் தொடும். எதை நகர்த்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்க மாட்டேன். ஒரு நாள் என் நிலைமையைப் பார்த்துவிட்டு அவன் சிரித்தான். பாதி வாயால் சிரித்தான். "மா... மாரா" என்றான். "தொ... தொடாத."

நானும் சிரித்தேன். அழுதேன் என்று பிலோமி சொல்வாள். நம்பாதீர்கள்.

அவனுக்கு ஒரே நினைப்பு, கருப்பாத்தாள் பெயர். சுவரில் மாட்டியிருக்கும் சிவப்புத் துணியின் படத்தைக் காட்டிக் காட்டிக் கேட்பான். பயிற்சி கொடுக்கும் அம்மா பெயரை நான்கு துண்டாக்கிக் கொடுத்தார். க, ருப், பாத், தாள். முதலில் படத்துண்டுகளைச் சேர்ப்பான். பிறகு பெயர்த் துண்டுகள். பாதி நாள் இரண்டாவதில் நிற்கும். சில நாள் முழுதும் வரும். வந்தால் அன்றைக்கு இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிடுவான். "இதைச் சொல்லிட்டாருன்னா அப்பறம் எதையும் சொல்லிருவாரு மாமா, அதுதான் அவரு நெனப்பு" என்றாள் பிலோமி. "சொல்ல முடியலேன்னா இனி வாயவே தொறக்க மாட்டாரு. எனக்குப் பயமா இருக்கு."

நான் சங்கத்தில் எழுந்து, தீர்மானத்தை வாபஸ் வாங்கச் சொன்னேன். ஆமாம், நானேதான். சவரிமுத்து படிப்பான் என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்காக அவர்கள் கை தட்டியது அதுதான் முதல் தடவை.

அந்த நாள் வந்தது. பழைய ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஊன்றுகோல், மூக்குக் கண்ணாடி, பேரன் பிடித்த கை. கருப்பாத்தாளின் தங்கை மகள் வேடப்பட்டியிலிருந்து வந்து முன்னால் நின்றாள். சவரிமுத்துவைச் சக்கர நாற்காலியில் துணிக்கு எதிரே கொண்டுவந்தோம். பிலோமி எல்லாரிடமும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டாள்.

"அப்பா படிப்பாரு. நேரம் ஆகும். எவ்வளவு நேரமானாலும் யாரும் எடுத்துக் குடுக்காதீங்க. தயவுபண்ணி."

"யாரும் வாயத் தொறக்கக்கூடாது!" என்று நானும் கூட்டத்துக்கு உரக்கச் சொன்னேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் மண்டியிட்டேன்.

"க" என்றான். ஒலிபெருக்கியில் அந்த ஒரு எழுத்து எங்கோ போய் மோதித் திரும்பி வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. கழுத்து நரம்பு புடைத்தது. "கருப்." நின்றது. வாயோரம் எச்சில் இறங்கியது. அடுக்குமாடிக்குள்ளிருந்து ஒரு கார் வந்தது. காவலாளி கையை நீட்டி நிறுத்தினார். கார்க்காரர் ஹாரன் அடித்தார். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். யாரோ தலையைக் குனிந்துகொண்டார்கள். சவரிமுத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். "க. கருப். கருப்பாத்." அது வந்துவிட்டது, தம்பி. ஒரே ஒரு துண்டு பாக்கி. அவன் நாக்கு நுனி பல்லுக்குப் பின்னால் போய் நிற்பதை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். வந்திருக்கும். வராமலும் போயிருக்கலாம், யார் கண்டது? அத்தனை பேருக்கு முன்னால் அவன் அவமானப்படுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? இரக்கம்தான். பிலோமியிடமும் இதைத்தான் சொன்னேன், இரக்கம் என்று. அதற்குத்தான் அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இனிமேல் வராதீர்கள் என்ற அந்த வார்த்தையைச் சொன்னாள்.

மைக் அவன் வாயிலிருந்து என் வாய்க்கு ஒரு சாண் தூரம்தான். எப்போது எழுந்து நின்றேன் என்று எனக்கு நினைவில்லை. அவன் வாய் திறந்தபடியே இருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு எழுத்துகூடச் சிதறவில்லை, என் குரல் அந்த அடுக்குமாடியின் கடைசி மாடிவரை போனது. நான் படித்தேன்: "தோழர் வேடப்பட்டி கருப்பாத்தாள்!"